பரிசு கொடுங்கள், எதற்கென்றும் சொல்லுங்கள்

கேட்கப்பட்ட கேள்வியைச் சுருக்கினால் இதுதான். ஒரு பள்ளியில் பார்வையற்ற மாணவர்கள் நால்வர் படிக்கிறார்கள். காது கேளாத இருவர், சக்கர நாற்காலியில் வரும் ஒருவர், ஆட்டிசம் உள்ள ஒருவர் என மற்ற மாற்றுத்திறனாளி மாணவர்களும் இருக்கிறார்கள். இவர்களுடைய சாதனைகளைக் கொண்டாட ஒரு விழா எடுக்க வேண்டும், எப்படி நடத்தினால் நன்றாக இருக்கும்? போன வருடம் நடத்தியபோது ஒரு மாணவி பரிசு வாங்க மேடைக்கு வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். ஏன் என்று இன்றுவரை புரியவில்லை என்கிறார் கேட்ட ஆசிரியர்.

அந்த மாணவியிடமே கேட்டிருக்கலாமே என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று ஆசிரியரைப் பார்த்து "நீங்கள் பாராட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை. அந்த வயதில் நானும் சொன்னதில்லை.

நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். பார்வையுள்ள பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் படித்தேன், இப்போது இருபது வருடத்துக்கு மேலாக ஆசிரியராக இருக்கிறேன். அதனால் மேடையில் பரிசு வாங்கியும் பழக்கம், பரிசுக்குப் பெயர் எழுதிக் கொடுத்தும் பழக்கம்.

எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. தலைப்பு நதிகள். மூன்று வாரம் உட்கார்ந்து தயார் செய்த பேச்சு. பரிசளிப்பு அன்று சிறப்பு விருந்தினர் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் பேசினார். இருட்டு வந்தது, ஒளி வந்தது, அகக்கண் வந்தது, கடவுளின் சோதனைகூட வந்தது. நதி மட்டும் வரவில்லை. நான் எந்தப் போட்டியில் ஜெயித்தேன் என்பதே கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் முதல் பரிசு வாங்கியவனைவிட எனக்குத்தான் கைதட்டல் அதிகம். அவன் இறங்கும்போது என்னிடம், "உனக்கு ரொம்ப தட்டினாங்கடா" என்றான். அவன் குரலில் பொறாமை இல்லை, ஒரு சங்கடம்தான் இருந்தது. அது எனக்கும் இருந்தது.

அப்புறம் அந்தச் சான்றிதழ். வழுவழுவென்று கெட்டித்தாள். ஒரு வாரம் அதைப் புத்தகப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நீட்டினேன். எல்லாரும் "அடடே" என்றார்கள். வெளியூரிலிருந்து வந்த அக்காதான் அதைப் படித்தாள். "டேய், இது உயரம் தாண்டுதலுக்குக் கொடுத்ததுடா. பேரும் உன் பேரு இல்ல."

நானும் சிரித்தேன். மற்றவர்கள் ஒன்று அதைப் படிக்கவே இல்லை, இல்லாவிட்டால் படித்துவிட்டும் சொல்லவில்லை. இரண்டில் எது என்று இப்போதும் சில சமயம் யோசிப்பேன்.

உங்கள் கேள்விக்கான பதில் பெரும்பாலும் அந்த ஒரு மாலையிலேயே இருக்கிறது. நான் செய்தது என்ன என்று யாரும் சொல்லவில்லை. என் கையில் கொடுத்தது என்ன என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் விழாவில் இந்த இரண்டையும் சரிசெய்துவிட்டால் மேடை அலங்காரம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

முதல் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டெல்லா யங் என்று ஒரு ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் இருந்தார். சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், மேடை நகைச்சுவையும் செய்தவர். 2014-இல் ஒரு உரையில் தன் பதினைந்து வயதுக் கதையைச் சொன்னார். ஊர்க்காரர் ஒருவர் அவருடைய பெற்றோரிடம் வந்து, உங்கள் பெண்ணைச் சமூகச் சாதனை விருதுக்குப் பரிந்துரைக்கப் போகிறேன் என்றாராம். பெற்றோர், நல்ல விஷயம்தான், ஆனால் அவள் இன்னும் எதையும் சாதிக்கவில்லையே என்றார்களாம். உண்மையும் அதுதான். அந்தப் பெண் பள்ளிக்கூடம் போனாள், வீட்டுக்கு வந்தாள், டிவி பார்த்தாள், நல்ல மதிப்பெண் வாங்கினாள். சக்கர நாற்காலியிலிருந்து இதையெல்லாம் செய்தாள் என்பதே விருதுக்குப் போதும் என்று அந்த ஊர்க்காரர் நினைத்துவிட்டார்.

இதைத்தான் நாம் அடிக்கடி செய்கிறோம். ஒரு பார்வையற்ற பையன் தானே நடந்து மேடைக்கு வந்தால் கைதட்டுகிறோம். அவன் தினமும் அப்படித்தான் நடந்து பள்ளிக்கு வருகிறான். செய்கிற நமக்கு அந்தக் கைதட்டல் அன்பாகத் தெரியும். வாங்குகிறவனுக்கு அது வேறு மாதிரிக் கேட்கும்: "உன்னால் இதுகூட முடியாது என்று நினைத்திருந்தோம்."

சரி, அப்படியானால் எல்லாரையும் போலவே நடத்திவிட்டுப் போய்விடலாமா என்றால், அதுவும் போதாது. குறையைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது என்று கவனமாக இருப்பவர்கள், அந்தப் பிள்ளை உண்மையிலேயே செய்த கடினமான வேலையையும் சேர்த்து மறைத்துவிடுகிறார்கள். எது கடினம், எது சாதாரணம் என்று தெரிய வேண்டுமானால் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான ஆசிரியர்களுக்கு அது தெரிவதில்லை. கேட்டால் தெரிந்துகொள்ளலாம், கேட்பதில்லை.

ஒரு உதாரணம், கணக்குத் தேர்வு. பார்வையற்ற மாணவி சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுகிறார். ஸ்கிரைப் என்போம். ஒரு பின்னத்தைச் சுருக்க வேண்டும். மாணவி சொல்வதைக் கேளுங்கள்: "எக்ஸ் ஸ்கொயர், கூட்டல் ஐந்து எக்ஸ், கூட்டல் ஆறு. இது முழுவதற்கும் கீழே ஒரு கோடு. ஆறுக்குக் கீழே மட்டும் இல்லை, முழுவதற்கும். கோட்டுக்குக் கீழே எக்ஸ் கூட்டல் இரண்டு." ஸ்கிரைப் அந்தக் கோட்டை ஆறுக்குக் கீழே மட்டும் போட்டுவிட்டால் கணக்கே மாறிவிடும். மாணவியால் அதைப் பார்த்துத் திருத்த முடியாது, அதனால் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்கிறாள். இதற்கிடையில் மேலே இருப்பதை இரண்டு காரணிகளாகப் பிரித்து, பொதுவானதை நீக்கி, விடை எக்ஸ் கூட்டல் மூன்று என்று மனதுக்குள் முடித்துவைத்திருக்கிறாள். தாளில் பார்வையுள்ள மாணவன் எழுதி அடித்துத் திருத்துகிற எல்லாம் இவளுக்குத் தலைக்குள் நடக்கிறது. அதோடு, தலைக்குள் இருப்பதை இன்னொருவர் கை பிசகாமல் எழுதும்படி வாயால் கட்டளை போட வேண்டும். இது கணக்குத் திறமையோடு சேர்ந்த தனித் திறமை. இந்த மாணவி தொண்ணூறு மதிப்பெண் எடுத்தால் மேடையில் சொல்ல வேண்டியது இதைத்தான். மாறாக நாம் என்ன சொல்கிறோம்? "கண் தெரியாவிட்டாலும் தொண்ணூறு!" போதாக்குறைக்கு, பின்வரிசையில் யாராவது ஒருவர் "ஸ்கிரைப் கெட்டிக்காரியா இருந்திருப்பா" என்று முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பை அடக்கவும் மேலே சொன்ன விவரம்தான் உதவும்.

பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்துதான் பிரெயில். அதை ஸ்லேட்டில் எழுதுவதும் இப்படித்தான். உலோகச் சட்டத்துக்குள் கெட்டித்தாளைச் செருகி, ஸ்டைலஸ் என்ற ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்த வேண்டும். குத்துவது ஒரு பக்கம், புள்ளி எழும்புவது மறுபக்கம். அதனால் வலமிருந்து இடமாக, ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடிப் பிம்பமாக எழுத வேண்டும். தாளைத் திருப்பினால்தான் இடமிருந்து வலமாகப் படிக்க வரும். பிழை வந்தால் நகத்தால் புள்ளியை அமுக்கித் தேய்ப்போம். எழுதியதைப் படித்துப் பார்க்க வேண்டுமென்றால் தாளைக் கழற்றி, திருப்பி, படித்து, மறுபடி அதே இடத்தில் பொருத்த வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை இதைத் தடையில்லாமல் செய்தால் அது சாதனை. கைதட்டலாம், தாராளமாக.

கணக்குக்கு டெய்லர் பலகை என்று ஒன்று உண்டு. எண்கோண ஓட்டைகள் வரிசையாக இருக்கும். சிறு உலோகக் கட்டை ஒன்றை எட்டுத் திசையில் எப்படித் திருப்பிச் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். கட்டையின் இரண்டு முனையும் வேறுவேறு மாதிரி இருப்பதால் மொத்தம் பதினாறு குறிகள் கிடைக்கும். விரலால் தடவிப் படித்து நீளப் பெருக்கல் போடும் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். இந்தக் கட்டைகள் மேசையிலிருந்து உருண்டு கீழே விழுந்தால் வகுப்பே நாலு காலில் தேடும். அது வேறு கதை.

இப்படிச் சாதித்தவர்கள் இன்று நேற்று வந்தவர்களும் இல்லை. ஒரு வயதிலேயே பெரியம்மையால் பார்வை இழந்த நிக்கோலஸ் சாண்டர்சன் 1711-இல் கேம்பிரிட்ஜில் லூக்காசியன் கணிதப் பேராசிரியர் ஆனார். சில வருடங்களுக்கு முன்வரை நியூட்டன் இருந்த பதவி அது. ஊசிகளைக் குத்தி விரலால் தடவிக் கணக்குப் போடும் பலகையைத் தானே அமைத்துக்கொண்டார். ஒளியியலும் பாடம் எடுத்தார். ஆபிரகாம் நெமத் பிறவியிலேயே பார்வையற்றவர். கணக்கு உனக்குச் சரிப்படாது என்று பெரியவர்கள் சொன்னதால் முதலில் உளவியல் படித்தார். மனம் கேட்காமல் கணக்குக்கே திரும்பி வந்து பேராசிரியரானார். கணக்குக் குறிகளுக்காக அவர் உருவாக்கிய பிரெயில் முறை 1952-இல் வெளியானது, இன்றும் அவர் பெயரிலேயே புழங்குகிறது. ஹீராட் வெர்மெய் மூன்று வயதில் பார்வை இழந்தவர். சங்கு சிப்பிகளை விரலால் ஆராய்ந்தே உலகறிந்த உயிரியலாளர் ஆனார். பார்வையுள்ளவர்கள் கவனிக்காத மேடு பள்ளம் அவர் விரலுக்குப் பட்டது.

ஆனால் எனக்கு மிகவும் உறுத்துவது லூயி பிரெயிலின் கதை. மூன்று வயதில் அப்பாவின் தோல் பட்டறையில் கூர்மையான கருவி கண்ணில் குத்தியது. புண் மறு கண்ணுக்கும் பரவி, இரண்டு பார்வையும் போனது. பாரிஸில் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தபோது வயது பத்து. ராணுவத்தில் இருந்த சார்ல் பார்பியே உருவாக்கிய பன்னிரண்டு புள்ளி எழுத்து முறை ஒன்று அந்தப் பள்ளிக்கு வந்தது. ஒரு விரல் நுனிக்குள் அது அடங்கவில்லை. 1824 வாக்கில், பதினைந்து வயதுப் பையன், அதை ஆறு புள்ளியாகச் சுருக்கினான். 63 வடிவங்கள். உலகத்தின் எந்த மொழியையும் எழுதிவிடலாம், இசைக் குறிப்பையும் எழுதலாம். நம் தமிழையும் அதில்தான் எழுதுகிறோம். அச்சில் "கொ" எழுத முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் வேண்டும். பிரெயிலில் ககரம் போட்டு அதற்குப் பின்னால் ஒகரம் போட்டால் முடிந்தது. பள்ளி மாணவன் ஒருவன் செய்த சாதனைகளில் இதற்கு இணையாக எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் படித்து, பின்பு ஆசிரியராகவும் இருந்த அதே பள்ளி இந்த எழுத்தை அதிகாரபூர்வமாக ஏற்றது 1854-இல். அவர் 1852-லேயே இறந்துவிட்டார்.

அந்தப் பள்ளியில் பரிசளிப்பு விழாக்களுக்குக் குறைவில்லை. பார்வையற்ற மாணவர்களை மேடையேற்றிப் படிக்கவைத்தும் பாடவைத்தும் பொதுமக்களுக்குக் காட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பார்வையுள்ளவர்கள் தங்கள் கண்ணுக்குப் பழகிய எழுத்தைத் தாளில் புடைக்கவைத்து, அதைப் பிள்ளைகள் தடவிப் படிப்பதையே வியந்தார்கள். பிள்ளைகளுக்கு உண்மையில் பயன்பட்ட எழுத்து பக்கத்திலேயே இருந்தது.

இதையெல்லாம் உங்கள் விழாவுக்கு எப்படிக் கொண்டுவருவது? அறிவிப்பாளர் படிக்கப்போகும் வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள், மைக்கைப் பிடித்தவர் வாய்க்கு விடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டே வரி போதும். என்ன செய்தார், அதில் எது கஷ்டம். "மாவட்ட சதுரங்கப் போட்டியில் மூன்றாம் இடம். கடைசிச் சுற்றில் யானை ஒன்றை இழந்த பிறகும் நாற்பது நகர்த்தல் தாக்குப்பிடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார்." இதில் கண் எங்கே வருகிறது? வர வேண்டியதில்லை. வேண்டுமானால், கறுப்புக் கட்டங்கள் உயர்ந்தும் காய்கள் ஓட்டையில் செருகியும் இருக்கும் பலகையில் தொட்டுப் பார்த்து ஆடினார் என்று சேர்த்துக்கொள்ளலாம், அது ஆட்டத்தைப் பற்றிய தகவல். எழுதியதை விழாவுக்கு முன்பே மாணவரிடம் படித்துக் காட்டுங்கள். "இந்த வரி வேண்டாம் சார்" என்றால் எடுத்துவிடுங்கள். போன வருடம் மேடைக்கு வராத மாணவி இதற்கு என்ன சொல்கிறார் என்று பாருங்கள்.

"தன்னம்பிக்கை விருது" என்று ஒன்றை அச்சடித்து எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கொடுப்பதை விட்டுவிடுங்கள், தயவுசெய்து. என்னிடம் ஆறு இருக்கிறது. எட்டுப் பேருக்கு ஒரே விருது என்றால் எட்டுப் பேர் செய்ததையும் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

தனி விழாவா, பொது ஆண்டு விழாவிலேயா என்பது அடுத்தது. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம் என்பதால் பல பள்ளிகளில் அன்றைக்கு ஒரு விழா நடத்திவிட்டு, ஆண்டு விழாப் பட்டியலில் இந்தப் பிள்ளைகளை விட்டுவிடுகிறார்கள். என் கருத்தில் அது தவறு. எல்லாரோடும் சேர்ந்து போட்டியிட்டு வாங்கிய பரிசை எல்லாரும் வாங்கும் மேடையில்தான் வாங்க வேண்டும். விளையாட்டு மட்டும் விதிவிலக்கு, அங்கே பார்வையின் அளவை வைத்துப் பிரிவுகளே இருக்கின்றன. கோல்பால் என்றொரு ஆட்டம் உண்டு. அணிக்கு மூன்று பேர், பந்துக்குள் மணி இருக்கும், ஆடுகிறவர்கள் எல்லாரும் கண்ணைக் கட்டிக்கொள்வார்கள், பந்து உருளும்போது அரங்கமே மூச்சுவிடாமல் இருக்க வேண்டும். கோல் விழுந்த பிறகுதான் கத்தலாம். உங்கள் விழாவில் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒரு ஆட்டம் வைத்துப் பாருங்கள். பார்வையுள்ள மூன்று பேரையும் கண்ணைக் கட்டி எதிரணியில் இறக்குங்கள். யார் எதில் கெட்டி என்பது பத்து நிமிடத்தில் அரங்கத்துக்குத் தெரிந்துவிடும்.

மற்ற பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு நேரடி அனுபவம் குறைவு என்றாலும் கூட வேலை செய்த ஆசிரியர்களிடம் கற்றது உண்டு. காது கேளாத மாணவருக்குக் கைதட்டல் கேட்காது. இரண்டு கையையும் உயர்த்தி விரல்களை அசைப்பதுதான் அவர்கள் வழக்கம். விழா தொடங்கும்போதே கூட்டத்துக்கு அதைச் சொல்லிக்கொடுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளரை மேடை ஓரத்து இருட்டில் நிறுத்திவிட்டு, மாணவரைக் கூட்டத்தைப் பார்க்க நிற்கவைத்தால், தன்னைப் பற்றிச் சொல்வதை அவர் மட்டும்தான் தெரிந்துகொள்ள மாட்டார். சக்கர நாற்காலிக்காரருக்கு மேடைக்குச் சாய்தளம் வேண்டும். நாலு பேர் நாற்காலியோடு தூக்கி ஏற்றுவது உதவி மாதிரித் தெரியும், தூக்கப்படுகிறவருக்கு அது பயமும் வெட்கமும். சாய்தளம் போட முடியவில்லையா, எல்லாருக்குமே கீழே தரையில் வைத்துப் பரிசு கொடுங்கள். ஆட்டிசம் உள்ள மாணவருக்கு அதிர்கிற ஒலிபெருக்கியும் திடீர் வெளிச்சமும் வேதனையாக இருக்கலாம். முந்தின நாள் காலி அரங்கத்தில் ஒருமுறை நடந்து பார்க்க விடுங்கள். அல்லது வகுப்பறையிலேயே, அவருக்குப் பிடித்த நாலு பேர் முன்னால் கொடுங்கள், அதுவும் விழாதான். பேச்சு திக்குகிற, அல்லது மெதுவாக வருகிற மாணவர் ஏற்புரை சொன்னால் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். டிஸ்லெக்சியா உள்ள, அதாவது எழுத்தை வாசிக்கச் சிரமப்படுகிற பிள்ளையை மேடையில் வைத்து எதையும் வாசிக்கச் சொல்லாதீர்கள்.

பார்வையற்ற மாணவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாமல் உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள். "மூன்று படி மேலே" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மேடையில் யார் யார் இருக்கிறார்கள், பரிசு கொடுப்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார், புகைப்படக்காரர் எங்கே என்று காதோடு சொன்னால் போதும், மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

பெற்றோர், ஸ்கிரைப், சிறப்பாசிரியர் ஆகியோருக்கு நன்றி சொல்வது நியாயம். ஆனால் மகனுக்கு ஒரு நிமிடமும் தியாகத் தாய்க்கு ஐந்து நிமிடமும் என்று ஆகிவிட்டால் பரிசு யாருக்கு என்று குழப்பம் வந்துவிடும். இன்னொன்று, எந்தப் பரிசும் வாங்காத மாற்றுத்திறனாளி மாணவரும் உங்கள் பள்ளியில் இருப்பார். அவரையும் இழுத்து மேடையேற்றாதீர்கள். மற்ற பிள்ளைகளைப் போல அவருக்கும் சுமாராகப் படித்துவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து அரட்டை அடிக்கும் உரிமை உண்டு.

கடைசியாக, கையில் கொடுக்கும் பொருள். பார்வையற்ற மாணவருக்கு அச்சுப் புத்தகம் பரிசாகத் தராதீர்கள். நான் அப்படி வாங்கியவை ஒரு அலமாரி முழுக்க இருந்தன, அக்கா பிள்ளைகள் படித்தார்கள். அதே புத்தகத்தை பிரெயிலிலோ ஒலி வடிவிலோ தரலாம். அதற்கு வழிசெய்யத்தான் 2013-இல் மராகேஷ் ஒப்பந்தமே வந்தது. அதில் சேர்ந்த நாடுகளில் ஒவ்வொரு முறையும் பதிப்புரிமைக்காரரிடம் அனுமதி கேட்காமலே, அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் பார்வையற்றோருக்கான பிரதிகளை உருவாக்க முடியும்.

சான்றிதழில் அச்சுக்குக் கீழே ஒரு வரி பிரெயில் சேருங்கள்: பெயர், போட்டி, இடம். பெரிய செலவில்லை, பிரெயில் தெரிந்த மூத்த மாணவர் ஒருவரிடம் ஸ்லேட்டையும் தாளையும் கொடுத்தால் ஒரு மாலையில் எல்லாவற்றையும் குத்திக் கொடுத்துவிடுவார். மெல்லிய தாளில் புள்ளி நிற்காது, கெட்டித்தாளாக வாங்குங்கள். குறைபார்வை உள்ளவர்களுக்குப் பெரிய எழுத்தில் அடியுங்கள், வெளிர் நிறத்தில் பூவேலை செய்து அதன் மேல் எழுத்தைப் போடாதீர்கள். பிரெயில் குத்திய தாளை லேமினேட் செய்யக் கொடுத்துவிடாதீர்கள், சூட்டிலும் அழுத்தத்திலும் புள்ளி படுத்துவிடும். போன வருடம் ஒரு விழாவில் என் மாணவி ஒருத்திக்கு அழகாக பிரெயிலில் பெயர் குத்திய சான்றிதழ் கொடுத்தார்கள். அவள் ஆசையாகத் தடவினாள். ஃபிரேம் போட்டு மேலே கண்ணாடி பதித்திருந்தார்கள்.